தேனடையைத் தின்னும் இரு பூச்சிகள்

தேனின் சுவை அறியாதார் எவருமிலர். தேனீயின் சுறுசுறுப்பைப் பாடப்புத்தகத்தில் படியாத மாணவரும் இலர். ஆயினும், அந்தத் தேனீ பாடுபட்டுக் கட்டிய அடையைச் சில வாரங்களில் வெறுஞ் சிலந்தி வலைபோல் ஆக்கிவிடும் இரண்டு சிறு பூச்சிகளைப் பற்றி நம்மில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறோம்? தேன் பெட்டி வைத்திருப்பவர்களுள்ளும் பலர், இவ்விரண்டையும் ஒரே பூச்சி என்றே எண்ணி வருகின்றனர். அவை ஒன்றல்ல, இரண்டு. அவற்றின் பெயர் பெரிய மெழுகுப் பூச்சி, சிறிய மெழுகுப் பூச்சி என்பனவாம்.

சிலாபத்தை அடுத்த முன்னேஸ்வரத்தைச் சுற்றிப் பார்த்தவர்களுக்கு அப்பகுதியின் செல்வம் எதுவென்று சொல்ல வேண்டியதில்லை. கோயில் வீதியைக் கடந்தால் தென்னை, வயலோரத்தில் தென்னை, தெதுறு ஓயாவின் கரையிலும் தென்னை. புத்தளம், குருநாகல், கம்பகா ஆகிய மாவட்டங்களைச் சேர்த்துத் தென்னை முக்கோணம் என்று வழங்குகிறோம். தென்னையை ஆராய்வதற்கென 1929ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற நிலையம் இருப்பதும் இதே மாவட்டத்து லுணுவிலையில்தான். நன்கு வளர்ந்த தென்னை ஏறக்குறைய மாதம் ஒரு பாளையை விரிக்கிறது. ஆகவே ஒரு தோப்பிலே பூ இல்லாத நாளென்பது இல்லை. மற்றைய மரங்கள் பருவத்தில் மட்டும் விருந்து வைக்கத் தென்னையோ ஆண்டு முழுவதும் தேனீக்குச் சோறு போடுகிறது. தோப்பு மரங்களின் பொந்துகளிலும், கறையான் புற்றுகளிலும், கூரை இடுக்குகளிலும் நம் நாட்டு அடுக்குத் தேனீ குடியேறுவதில் வியப்பென்ன? மண்முட்டியைக் கவிழ்த்து வைத்து அதை வரவழைப்பது பழைய வழக்கம். சட்டங்கள் பொருத்திய மரப்பெட்டியில் வளர்ப்பது இக்கால வழக்கம்.

தேனீக்கு மெழுகு எளிதிற் கிடைப்பதன்று. அது பூவிலிருந்து கொண்டுவரும் பொருளன்று. இளந் தேனீக்களின் வயிற்றின் அடிப்புறத்துச் சுரப்பிகளிலிருந்து மெல்லிய செதிள்களாக வெளிப்படுவது. ஒரு கிலோ மெழுகைச் சுரப்பதற்கு அவை ஆறு முதல் எட்டுக் கிலோ வரை தேனை உண்ணவேண்டும் என்று மதிப்பிடுகின்றனர். நம் கோயில்களில் எழுந்தருளியிருக்கும் பஞ்சலோகத் திருமேனிகள்கூட முதலில் இந்த மெழுகிலே உருவானவைதாம். தேன்மெழுகோடு குங்கிலியம் சேர்த்துச் சிலையை வனைந்து, அதன்மேல் மண்பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டு, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை வார்ப்பது ஸ்தபதிகளின் முறை. இத்தகைய அருமையான பொருளை உணவாகக் கொள்ளும் பிராணிகள் உலகில் மிகச் சிலவே. அச்சிலவற்றுள் நம் கதாநாயகர் இருவரும் அடங்குவர்.

முன்னேஸ்வரத்துத் தோப்பொன்றில் தேன் பெட்டிகளைப் பார்வையிட்டுக் கொண்டிருந்த வேளை, ஒரு பெட்டியின் மூடியைத் திறந்ததும் வெள்ளிநிறச் சிறு பூச்சி ஒன்று விரைந்தோடிச் சட்டத்தின் இடுக்கில் மறைந்தது. அடுத்த பெட்டியில் அதனினும் பருத்த சாம்பல் நிறப் பூச்சியொன்று பலகையோடு பலகையாக ஒட்டிக் கிடந்தது. தோப்பைக் காத்துவந்த முதியவர், “அதுக்கென்ன தம்பி, சின்னது குஞ்சு, பெரிசு தாய்” என்று மிக்க உறுதியோடு கூறினார். கோழிக்கும் ஆட்டுக்கும் பொருந்தும் இந்த நியாயம் பூச்சிக்குப் பொருந்தாது. பூச்சியினத்தில் வளர்ச்சி யாவும் புழுப் பருவத்தோடு முடிந்துவிடும். கூட்டைக் கிழித்துக்கொண்டு இறகுடன் வெளிவந்த அந்துப்பூச்சி அதன்பின் ஒரு மயிரிழையளவும் பருப்பதில்லை, நீள்வதில்லை. இவ்விரு மெழுகுப் பூச்சிகளோ வெளிவந்தபின் உணவே கொள்வதில்லை. உண்பதற்கேற்ற வாயும் அவற்றிற்கு இல்லை. ஆகவே சின்னப் பூச்சி பெரிய பூச்சியாக மாறுவது ஒருநாளும் நடவாது. மாணவர்கள் இதனை மனத்திற் பதித்துக் கொண்டால், வீட்டு விளக்கைச் சுற்றும் பூச்சிகளைப் பார்க்கும்போதும் இதே பிழையைச் செய்யமாட்டார்கள்.

இவை ஒரே குடும்பத்து இரு கிளைகள். நம் வீட்டு அரிசிப் பெட்டியில் நூல் நூலாக வலை பின்னி அரிசியைக் கட்டியாக்கும் அந்தும் இவற்றின் ஒன்றுவிட்ட உறவே. பெரியதற்கு 1758ஆம் ஆண்டிலே சுவீடன் நாட்டு லின்னேயஸ் விஞ்ஞானப் பெயரிட்டார். அதனை இன்று கலேரியா மெலொனெல்லா என்கின்றனர். சிறியதற்கு அவர் மாணாக்கரான பப்ரீசியஸ் 1794இல் பெயரிட்டார். அது அக்ரோயியா கிரிசெல்லா. முன்னதன் பெயரில் தேனும், பின்னதன் பெயரில் சாம்பல் நிறமும் அடங்கியிருக்கின்றன. பெயர்கள் இவ்வளவு பிந்தியவையாயினும் பழக்கம் மிகப் பழையது. கிரேக்க ஞானி அரிஸ்டோட்டில், விளக்கைச் சுற்றிப் பறக்கும் அந்துபோன்ற ஒரு பூச்சி தேன்கூட்டைக் கெடுப்பதைத் தம் விலங்கு நூலிலே குறித்துச் சென்றிருக்கிறார். தேனீ வளர்ப்பு எத்தனை பழையதோ, இந்தத் தொல்லையும் அத்தனை பழையது.

இனி, இரண்டையும் வேறுபிரித்தறிவது எங்ஙனம்?

பெரிய மெழுகுப் பூச்சி ஒரு புளியங்கொட்டையின் நீளம், அதாவது சுமார் 15 மில்லிமீற்றர் இருக்கும். இறகுகளை விரித்தால் 30 மில்லிமீற்றருக்கும் மேல். ஓய்வில் இறகுகளை ஓட்டுக் கூரைபோல் சரித்து மூடிக்கொள்ளும். முன்னிறகு சாம்பலும் தவிட்டு நிறமும் கலந்தது. மரப்பட்டையின் சிராய் ஒன்று ஒட்டிக் கிடப்பதாகவே தோன்றும். பெண் பூச்சியின் முகத்திலே இரு உணரிகள் முன்னோக்கி நீண்டு அலகுபோல் காணப்படும். ஆணுக்கு அது இல்லை. அதன் முகம் மொட்டையாக இருக்கும். ஆணின் இறகோரம் உட்குழிந்து பிறைபோல் வளைந்திருப்பதும் ஓர் அடையாளம்.

சிறிய மெழுகுப் பூச்சியோ நெல்மணியினும் சற்றே நீளமானது. 10 முதல் 13 மில்லிமீற்றர். உடல் ஒடுங்கியது. இறகு முழுவதும் பட்டுத்துணி போன்ற ஒரே வெள்ளிச் சாம்பல் நிறம். தலை மட்டும் மஞ்சட் பொடியைத் தொட்டுவைத்தாற்போல் பளிச்சென்று மஞ்சளாயிருக்கும். இந்த மஞ்சள் தலையைக் கண்டால் ஐயமே வேண்டாம். பருமனை மட்டும் நம்பினால் ஏமாற நேரிடும் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். ஏனெனில், பெரிய மெழுகுப் பூச்சியின் புழுவுக்கு நல்ல உணவு வாய்க்காவிடில், அது குள்ளமான பூச்சியாகவே வெளிவரும். வறுமையிற் பிறந்த பெரியதற்கும், வளமாய் வளர்ந்த சிறியதற்கும் அளவில் அதிக வேற்றுமை இராது. ஆகவே முதலில் தலையின் நிறத்தைப் பாருங்கள். அளவுகோலை அப்புறம் எடுக்கலாம்.

நட்டத்தை விளைவிப்பவை பூச்சிகள் அல்ல, அவற்றின் புழுக்கள். பெரியதன் புழு 28 மில்லிமீற்றர் வரை நீண்டு, முற்றியதும் சாம்பல் படர்ந்து கொழுத்திருக்கும். சிறியதன் புழு மெலிந்து வெளுத்து, மாநிறத் தலையோடு 20 மில்லிமீற்றருக்குள் நின்றுவிடும். பெரியதன் புழுக்கள் கூட்டங் கூட்டமாக அடையின் நடுச்சுவரை ஊடறுத்துச் சுரங்கம் வெட்டிச் செல்கின்றன. சென்ற வழியெல்லாம் பட்டிழையால் குழாய் பின்னுகின்றன. அறைகளுக்குள் வளர்ந்து முடிந்த இளந் தேனீக்கள் வெளிவர முயலும்போது இவ்விழைகளிற் சிக்கிக் காலும் இறகும் கட்டுண்டு இறந்துபோவதுண்டு. முற்றிய புழு சும்மா கூடு கட்டுவதில்லை. சட்டத்தின் மரத்தையே கடித்து ஓடம்போற் குழித்து, அதில் வெள்ளைக் கூட்டைப் பதிக்கிறது. ஒன்றையொன்று நெருக்கியபடி வரிசையாகப் பதிந்திருக்கும் இக்கூடுகளைப் பிய்த்தெடுத்தால், மரத்தில் குழிகள் அம்மைத் தழும்புபோல் எஞ்சும். சிறியதன் புழுக்கள் பெரும்பாலும் தனித்தனியே திரிகின்றன. அவற்றின் கூடு ஒற்றையாயிருக்கும். எச்சமும் தூளும் மேலே ஒட்டிக் குப்பைத் துண்டுபோற் கிடக்கும்.

வெறும் மெழுகு மட்டும் இப்புழுக்களுக்குப் போதாது. புதிதாகக் கட்டிய வெள்ளை அடையில் அவை செழிப்பதில்லை. பல தலைமுறைக் குஞ்சுகள் வளர்ந்து கறுத்த பழைய அடைதான் அவற்றிற்கு விருப்பமான உணவு. அங்கே தேனீக் குஞ்சுகள் கழற்றிய தோலும், மகரந்தத் துணுக்கும் கலந்திருக்கின்றனவல்லவா? மெழுகு சோறு என்றால் அவை கறி எனலாம். ஒரே பெட்டியில் இரண்டு இனமும் புகுந்துவிட்டால், நல்ல அடைகளைப் பெரியது கைப்பற்றிக்கொள்ள, சிறியது பெட்டியின் அடித்தட்டில் உதிர்ந்து கிடக்கும் தூளோடு திருப்தியடைகிறது.

இவ்விடத்தில் நம் நாட்டுத் தேனீயின் ஒரு குணத்தையும் கவனிக்க வேண்டும். மேல்நாட்டுத் தேனீ மரப்பிசினைக் கொண்டுவந்து இடுக்குகளையெல்லாம் மெழுகி அடைக்கும். நம் தேனீக்கு அந்தப் பழக்கம் இல்லை. அன்றியும், பழைய அடையைத் தானே கடித்து உதிர்த்துவிட்டுப் புதியது கட்டும் சுபாவம் உடையது. உதிர்ந்த தூள் அடித்தட்டில் சேர்கிறது. இடுக்குகளோ திறந்து கிடக்கின்றன. இரண்டும் பூச்சிக்கு வாய்ப்பாக அமைகின்றன. தாய்ப்பூச்சி அந்தி சாய்ந்தபின் வந்து, காவல் தேனீக்களின் கண்ணிற் படாமல் இடுக்குகளில் முட்டையிட்டுச் செல்கிறது. பெரியது சாதாரணமாக 300 முதல் 600 முட்டை வரை இடும்; சிறியது 250 முதல் 300 வரை. வெப்பமான இடத்தில் மூன்று முதல் ஐந்து நாளில் பெரியதன் முட்டைகள் பொரிக்கின்றன. பனிக்காலம் என்பதே இல்லாத நம் கடற்கரையில் இவ்வேலை ஆண்டு முழுதும் தடையின்றி நடைபெறும்.

தேனீக்கள் என்ன செய்கின்றன? கூட்டம் பலமாயிருந்தால் புழுவைக் கவ்வி இழுத்து வெளியே எறிந்துவிடுகின்றன. பலம் குன்றியிருந்தால், நம் தேனீ போரிட்டு மடிவதில்லை. ஒருநாள் காலையில் இராணியோடு புறப்பட்டுப் போய்விடுகிறது. பெட்டிக்காரர் வந்து பார்க்கும்போது வலையும் எச்சமும்தான் மிச்சம். ஓராண்டு உழைப்பும், எதிர்பார்த்த சில போத்தல் தேனும் அதோடு போயின. பிள்ளைகளின் கொப்பிக்கும் சப்பாத்துக்கும் அந்தத் தேனையே நம்பியிருக்கும் குடும்பங்கள் கிராமங்களில் உண்டு.

ஆயினும் பழி முழுவதையும் பூச்சியின் தலையில் கட்டுவது நீதியாகாது என்பது நம் கருத்து. தென்னிந்தியாவில் தேனுக்குப் பேர்போன மார்த்தாண்டத்தின் கதையைப் பாருங்கள். 1910ஆம் ஆண்டளவில் திருச்சிராப்பள்ளியில் நியூற்றன் பாதிரியார் நம் தேனீக்கேற்ற சிறிய பெட்டியை அமைத்துக் காட்டினார். பின்னர் 1920களில் மார்த்தாண்டத்தில் ஸ்பென்சர் ஹாட்ச் என்பவர் தேனீ வளர்ப்பைக் குடிசைத் தொழிலாகப் பரப்பினார். இவ்வாறு வளர்ந்த தொழிலை 1991ஆம் ஆண்டையடுத்துப் பரவிய ஒரு நச்சுயிரி நோய் கவிழ்த்துவிட்டது. தேனீக் குஞ்சுகள் பைபோல் வீங்கி இறந்தன. கூட்டங்களில் மிகப் பெரும்பாலானவை அழிந்தன. அத்தகைய அழிவு நேரும் இடங்களில் வெறுமையாகும் பெட்டிகளில் மெழுகுப் பூச்சி குடியேறுவது வழக்கம். அதைக் கண்டவர் கொலையாளி இதுவே என்று நினைத்தால் அது, செத்தவீட்டில் சொத்துக்கு வந்த உறவினனைக் கொலைகாரன் என்று பிடிப்பது போலாகும். காட்டிலே இப்பூச்சி செய்வது பெரும்பாலும் துப்புரவு வேலை. நோயால் அழிந்த கூட்டின் அழுக்கடையைத் தின்று, பொந்தை வெறுமையாக்கி, அடுத்து வரும் தேனீக் கூட்டத்துக்கு ஒப்படைக்கிறது. மனிதன் பெட்டியில் வைத்த அடைக்கும், பொந்திலே கைவிடப்பட்ட அடைக்கும் உள்ள பேதம் அதற்குத் தெரியுமா?

இவ்வளவும் கேட்டு அருவருப்புக் கொண்டவர்கள், இப்பூச்சிகளின் இல்லற விசித்திரத்தையும் கேட்பது நன்று. அந்துப்பூச்சி இனத்தில் பொதுவாகப் பெண் ஓரிடத்தில் அமர்ந்து மணத்தைப் பரப்பும். ஆண் அதைத் தேடிப் பறந்து வரும். மெழுகுப் பூச்சிகளிலோ இது தலைகீழ். ஆண் அழைக்கிறது, பெண் நாடிச் செல்கிறது. அழைக்கும் விதத்தில்தான் இரண்டும் வேறுபடுகின்றன.

பெரியதில் ஆண் மணம் வீசுவதோடு அவ்வப்போது குறுகிய ஒலித் துடிப்புகளையும் எழுப்புகிறது. அது கேட்ட பெண் இறகை விசிறிப் பதில் தர, ஆண் மேலும் மணத்தை வெளிவிடுகிறது. சிறியதில் ஆண் ஒரு முழுநேரப் பாடகன். தேன்கூட்டின் அருகே இலையிலோ புல்லிலோ அமர்ந்து, இரவிற் பல மணி நேரம் இறகை விசிறிக்கொண்டே பாடும். முன்னிறகின் அடியிலே சிறு தகடொன்று உண்டு. தகர டப்பியின் மூடியை விரலால் அமுக்கி விட்டால் ‘டிக், டிக்’ என்கிறதல்லவா? அதே தத்துவத்தில், இறகு மேலும் கீழும் அசையும்போது இத்தகடு உள்வளைந்தும் வெளிவளைந்தும் ஒலிக்கிறது. வினாடிக்கு ஏறத்தாழ 100,000 அதிர்வுகள் கொண்ட ஒலியாதலால், 20,000 அதிர்வுகளோடு செவி ஓய்ந்துவிடும் நமக்கு அது கேளாது. பெண்ணோ கேட்டு, உரத்தும் விரைந்தும் பாடுகின்ற ஆணைத் தெரிந்து, அதனிடம் ஓடிச் செல்கிறது. நாம் அமைதி என்று எண்ணி உறங்கும் தோப்பிலே இத்தனை கச்சேரி!

இப்பாட்டு ஆபத்தில்லாததன்று. வௌவாலும் அதே உயர்ந்த ஒலியை எழுப்பி, அதன் எதிரொலி கொண்டு இரை தேடுகிறது. வௌவாலின் குரல் கேட்டவுடன் பாடும் ஆண் பூச்சி சட்டென்று வாயடைத்துப் போவதை ஆராய்ச்சியாளர் கண்டிருக்கின்றனர். பெரிய மெழுகுப் பூச்சியின் செவி இன்னும் வியப்புக்குரியது. கிளாஸ்கோ நகரின் ஸ்ட்ராத்கிளைட் பல்கலைக்கழகத்தார் 2013ஆம் ஆண்டில் ஆராய்ந்தபோது, அது வினாடிக்கு 300,000 அதிர்வுகள் வரை கேட்கவல்லது என்று கண்டனர். எந்த வௌவாலும் எழுப்புவதாக அறியப்பட்ட ஒலியினும் இது உயர்ந்தது. பூச்சியின் காது இருப்பது தலையில் அன்று, வயிற்றின் முற்பகுதியில் என்பதும் சிறுவர்களுக்குச் சொல்லி மகிழத்தக்க செய்தி.

இவற்றின் உறவினனான அரிசி அந்து தென்னைக்கே உதவி செய்வதும் உண்டு. தென்னோலையின் பச்சையைச் சுரண்டித் தின்று தோப்பைக் காய்ந்ததுபோலாக்கும் கருந்தலைப் புழுவை வெல்ல, அதன்மேல் முட்டையிட்டு அழிக்கும் சிறு குளவிகளைத் தோப்புகளில் விடுகின்றனர். தென்னிந்திய ஆய்வுகூடங்களில் அக்குளவிகளைப் பெருக்க அரிசி அந்தின் புழுக்களே உணவாகின்றன. பெரிய மெழுகுப் பூச்சியின் புழுவும் ஆய்வுகூடத்தில் பிரசித்தமானது. மனித உடலின் வெப்பத்திலும் அது உயிரோடிருக்குமாதலால், மனிதருக்கு நோய் தரும் கிருமிகளையும் காளான்களையும் முதலில் இதில் ஏற்றிப் பார்க்கின்றனர்.

மிக அண்மையில் இப்புழுக்களுக்கு உலகப் புகழ் வந்தது வேறொரு காரணத்தால். ஸ்பெயின் நாட்டில் தேன் பெட்டியும் வைத்திருந்த உயிரியல் ஆராய்ச்சியாளர் பெடரிக்கா பெர்த்தொக்கினி என்ற பெண்மணி, அடையிலிருந்து பொறுக்கிய புழுக்களைப் பிளாஸ்டிக் பையில் போட்டுவைத்தார். சிறிது நேரத்தில் பை முழுதும் துளைகள். தோழர்களுடன் சேர்ந்து அதனை ஆராய்ந்து 2017இல் வெளியிட்டார். ஏறத்தாழ நூறு புழுக்கள் 12 மணி நேரத்தில் 92 மில்லிகிராம் பையைக் குறைத்தன என்பது கணக்கு. கடித்துத் துண்டாக்கியதா, உண்மையில் செரித்ததா என்று வேறு விஞ்ஞானிகள் ஐயுற்றனர். 2022இல் அதே குழுவினர், புழுவின் உமிழ்நீரில் உள்ள நொதிகளே பிளாஸ்டிக்கைத் தாக்குகின்றன என்று காட்டினர். சிறிய மெழுகுப் பூச்சியின் புழுவும் பின்வாங்கவில்லை; அதுவும் பிளாஸ்டிக்கைத் தின்பதைப் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர் 2019இல் அறிவித்தனர். மலைபோல் குவியும் பைகளை நாளைக்கே புழுக்கள் தின்று முடித்துவிடும் என்று எவரும் நம்பிவிட வேண்டாம். 92 மில்லிகிராம் என்பது ஒரு சிட்டிகை உப்பின் நிறையினும் குறைவு.

பெட்டி வைத்திருக்கும் குடும்பங்களுக்குச் சில குறிப்புகள். மஞ்சள் தலையுள்ள சிறு பூச்சியே மிகுதியாகத் தென்பட்டால், முதலில் அடித்தட்டைத் தூக்கிப் பாருங்கள்; தூள் மண்டியிருக்கும். வாரம் ஒருமுறை அதைச் சுரண்டி எரித்துவிடுவது நல்லது. பெரிய பூச்சியும் வெள்ளைக் கூடுகளும் தென்பட்டால், கூட்டத்தின் பலத்துக்கு மிஞ்சிய அடைகள் உள்ளே இருக்கின்றன என்று கொள்ளலாம். தேனீக்கள் மூடிக் காக்க முடியாத கறுத்த அடைகளை எடுத்துவிட்டு, நுழைவாயிலையும் ஒடுக்குங்கள். சேலைப் பெட்டிக்குப் போடும் நப்தலீன் உருண்டையைத் தேன் பெட்டிக்கருகே கொண்டுபோகவே கூடாது. மெழுகு அதை உறிஞ்சிக்கொள்ளும், பின்பு தேனிலும் அது கலக்கும். கந்தகப் புகை புழுவையும் பூச்சியையும் கொல்லும். ஆனால் முட்டை தப்பிவிடும்.

எடுத்துவைக்கும் நல்ல அடைகளுக்குக் குளிரே சிறந்த மருந்து. பூச்சியத்துக்குக் கீழ் 15 பாகை செல்சியசில் இரண்டு மணி நேரம் இருந்தால் முட்டை உட்பட எல்லாப் பருவமும் இறந்துவிடும். வீட்டுக் குளிர்பெட்டியின் உறைபனித் தட்டு அவ்வளவு குளிராது என்ற ஐயமிருந்தால், ஒரு நாள் முழுவதும் வைத்துவிடலாம். அடையைப் பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி அலுமாரியில் வைப்பதே போதும் என்று சிலர் எண்ணுகின்றனர். முட்டை உள்ளேயிருந்தால் அந்தப் பையால் ஒரு பயனும் இல்லை. குளிரூட்டிய பிறகே கட்டவேண்டும்.